நார்மலா, பவரா அக்கா?

எங்கள் வீட்டில் இரண்டு லோடு வண்டி. வீட்டுக்காரர் ஓட்டுவது டோஸ்த், டீசல். தம்பி ஓட்டுவது பெட்ரோல் குட்டி யானை. இரண்டும் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு வானகரத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் போகும். பெட்டி ஏற்றுவது, ஐஸ் கொட்டுவது, மார்க்கெட்டில் இடம் பிடிப்பது எல்லாம் அவர்கள் பாடு. டீசல் பில், டயர், எஃப்சி, இன்சூரன்ஸ், டியூ என்று கணக்கு நோட்டு மட்டும் என் கையில். அதனால் பங்க்கில் "நார்மலா, பவரா?", அதாவது சாதா எண்ணெயா, விலை கூடின பிரீமியமா என்று கேட்டால், இரண்டு பேரும் எனக்குத்தான் போன் போடுவார்கள்.

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் ரொம்ப அதிகமாகிவிட்டது. போன மாதம் நானே டோஸ்தில் உட்கார்ந்திருந்தபோது பங்க்கில் இருந்த பெண், "பவர் போட்டுக்கோக்கா, ஆக்டேன் ஜாஸ்தி, வண்டி சும்மா பிச்சிக்கினு போவும்" என்றாள். டீசலுக்கு ஆக்டேனா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாசத்துக்கு இத்தனை லிட்டர் தள்ளணும் என்று மேலே இருந்து சொல்லியிருப்பார்கள்.

ஆக்டேன் பெட்ரோலுக்கு உண்டான சமாச்சாரம். எங்கள் வண்டிகளைப் பார்க்கும் கொருக்குப்பேட்டை மெக்கானிக் பாய்தான் எனக்கு இதைப் புரியவைத்தார். பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும், பிஸ்டன் அதை அழுத்தும், பிளக் பொறி விட்டதும் எரியும். பொறியில் பற்றிய தீ வந்து சேரும் வரைக்கும் அது சும்மா இருக்கவேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் அவசரப்பட்டுத் தானாகப் பற்றிக்கொண்டால் இன்ஜினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி கேட்கும். நாக்கிங் என்பது அதுதான். முழு லோடோடு மேம்பாலம் ஏறும்போது கவனித்தால் தெரியும். ஆக்டேன் கூடக்கூட பெட்ரோலுக்குப் பொறுமை கூடும், அவ்வளவுதான். லிட்டருக்குள் இருக்கும் சக்தி அதனால் கூடாது.

"இன்ஜினு அவ்ளோ அழுத்தம் குடுத்தாத்தானேம்மா அந்தப் பொறும வேணும்? இந்த ரெண்டு சிலிண்டர் வண்டிக்கு இன்னாத்துக்கு?" என்றார் பாய். அழுத்தம் அதிகமுள்ள டர்போ பெட்ரோல் கார், பெரிய பைக் என்றால் கதை வேறு. கம்பெனிக்காரனே புத்தகத்தில் 95 போடு என்று எழுதியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் போடவேண்டியதுதான். தம்பி வண்டிப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

டீசலில் எல்லாம் தலைகீழ். அங்கே பொறி விடும் பிளக்கே கிடையாது. காற்றை மட்டும் நெருக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். சீக்கிரம் பற்றினால்தான் நல்லது. அதை அளக்கும் எண்ணுக்கு சீட்டேன் என்று பெயர். சாதா டீசலிலேயே அது குறைந்தது 51 இருக்கவேண்டும் என்பது நம்மூர் தர விதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கில் இருந்து 10க்கு இறங்கிவிட்டது. ஆக, நார்மல் என்று விற்பதே பழைய காலத்து டீசலைவிட எவ்வளவோ மேல். பிரீமியம் டீசலில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கரி சேராமல் பார்த்துக்கொள்ளும் மருந்து, நுரை அடக்கும் மருந்து, துருப் பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து. கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மருந்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்?

இங்கேதான் என் நோட்டு பேசும். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், ஒரு கணக்குக்கு லிட்டருக்கு 4 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். சாதா டீசல் 92 ரூபாய் சொச்சம் என்றும் வைத்துக்கொள்வோம். வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. அந்த 4 ரூபாய் திரும்பி வரவேண்டும் என்றால் ஒவ்வொரு லிட்டருக்கும் 600 மீட்டர் கூடுதலாக ஓடியாகவேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு தடவை மாட்டினாலே அந்த 600 மீட்டர் காலி. மருந்து போட்டதால் மிச்சமானதா, ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருந்ததால் மிச்சமானதா என்று எந்த நோட்டிலும் பிரித்து எழுத முடியாது. வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பவர் டீசல் போட்டுப் பார்த்தார். "ஸ்மூத்தா இருக்கு" என்றார். நோட்டில் ஸ்மூத்துக்குப் பத்தி இல்லை.

எனக்குக் கடுப்பேற்றும் இன்னொரு விஷயம் வரி. 2022 மே மாதம் கலால் வரியைக் குறைத்தபோது சாதா டீசலுக்கு லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசு, பவர் மாதிரி பெயர் வைத்து விற்கும் பிராண்டட் டீசலுக்கு 18 ரூபாய் 20 காசு என்று வைத்தார்கள். வித்தியாசம் 2 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் தமிழ்நாட்டு வாட் 11 சதவீதம். நாம் கூடுதலாகக் கொடுக்கும் 4 ரூபாயில் பாதிக்கு மேல் மருந்துக்கே போகவில்லை பாருங்கள். மணலி ரிஃபைனரியில் புகைபோக்கி எரிவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள், மூக்குக்கு வாசனை மட்டும் இலவசம்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் இப்போது வேறு காரணம் சொல்கிறார்கள்: நார்மலில் எத்தனால் இருக்கிறது, அதனால் பவர் போடுகிறோம் என்று. 95 ஆக்டேன் பெட்ரோலிலும் எத்தனால் உண்டு. எத்தனாலைத் தவிர்க்க 100 ஆக்டேனுக்குப் போனால் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, மீன் வாடகையில் கட்டுப்படியாகாது. தம்பி வண்டி 2021 மாடல். இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரும் பைப்பும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் கட்டாயம் என்பதால், பாய் பெட்ரோல் ஹோஸைப் பார்த்து, லேசாக உப்பியிருந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுசு போட்டார். ஒரு ஃபுல் டாங்க் பவர் பெட்ரோலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிடக் கம்மியாகத்தான் ஆனது. ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். லோடு குறைந்து வண்டி நிற்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், இது கடற்காற்று, அதனால் நிறுத்தும் முன் டாங்க்கை நிரப்பி வை, காலியாக விட்டால் உள்ளே இருக்கும் காற்றிலிருந்து ஈரம் சேரும் என்றார். அதை மட்டும் தவறாமல் செய்கிறோம்.

டோஸ்தில் எங்களுக்கு உண்மையான தலைவலி இரண்டு. ஒன்று, சைலன்சரில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். பிஎஸ்6 டீசல் வண்டியில் புகை சூடாகி அந்தக் கரி தானாக எரிந்து தீரவேண்டும். ராயபுரத்துக்கும் கல்மண்டபத்துக்கும் நடுவில் முதல் கியரிலேயே நகர்ந்தால் சூடு எங்கே ஏறும்? டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். பவர் டீசல் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். பாய் சொன்னது வேறு: மாதவரம் தாண்டி செங்குன்றம், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரே வேகத்தில் ஒரு நடை ஓட்டிக்கொண்டு வா. அந்தப் பக்கம் லோடு கிடைத்தால் இப்போது வாடகை கொஞ்சம் கம்மி என்றாலும் விடுவதில்லை.

இன்னொன்று தண்ணீர். மழைக்காலத்தில் ஒரு பங்க்கில் போட்டோம், பெயர் வேண்டாம். மறுநாள் டேஷ்போர்டில் விளக்கு, பிக்கப் இல்லை. பாய் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் ஃபில்டருக்குக் கீழே இருக்கும் சின்னத் திருகை விரலால் தளர்த்தி, வெட்டிய தண்ணீர் பாட்டிலை ஏந்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால், மேலே வெளிர் மஞ்சளாக டீசல், அடியில் தண்ணீர் தனியாக. பாட்டிலைச் சாய்த்தால் அந்தத் தண்ணீர் மட்டும் பழுப்புத் தூளோடு ஒரு பக்கமாக உருண்டு ஓடியது. சுத்தமாக டீசல் வரும் வரைக்கும் விட்டுத் திருகை இறுக்கினார். தண்ணீர் கலந்த டாங்க்கில் பவர் என்ன, நார்மல் என்ன?

ஆகவே நான் பார்ப்பது பங்க்கைத்தான். லாரிகள் வரிசையாக நிற்கும் பங்க்காக இருந்தால் சரக்கு தேங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைய டென்சிட்டியை, அதாவது அடர்த்தியை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். டீசலுக்கு அது 810ல் இருந்து 845க்குள் இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், பெட்ரோல் என்றால் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லலாம். கறை இல்லாமல் ஆவியாகவேண்டும். கேட்டால் காட்டியாகவேண்டும், அது நம் உரிமை. முகத்தைச் சுளிக்கிற பங்க்குக்கு அடுத்த முறை போகமாட்டேன். மிச்சமாகும் காசில் டீசல் ஃபில்டரைத் தேதி தள்ளாமல் மாற்றிவிடுகிறேன்.

தம்பி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. லோடு வண்டிக்கு நான் சொல்கிறபடி நார்மல் போட்டுவிட்டு, தன் பைக்குக்கு வாரா வாரம் பவர் போடுகிறான். பைக் என் நோட்டில் இல்லை.