வடுவூரில் நாரைகள், வீராணத்தில் ஆட்டோக் கூலி

காட்டுமன்னார்கோவிலில் இருந்து லால்பேட்டை வழியாக வீராணம் ஏரிக்கரையில் கந்தகுமாரன் வரை போய்த் திரும்ப 600 ரூபாய் என்று பேசி எங்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர், திரும்பி வந்து பேருந்து நிலையத்தில் நிறுத்தியதும் 1,100 ரூபாய் கேட்டார். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னதற்குக் காத்திருப்புக் கூலியாம், கரைச்சாலை குண்டும் குழியுமாக இருந்ததற்கு ஒரு கூலியாம், பொழுது சாய்ந்துவிட்டதற்கு இன்னொரு கூலியாம். ஏரியைப் பார்க்கப் போகிறவன் நிறுத்தாமல் எப்படிப் பார்ப்பான் என்று நான் கேட்டதற்கு, "பார்க்கிறதுக்குத்தான் சார் காசு" என்றார். பத்து நிமிட வழக்குக்குப் பின் 900 ரூபாயில் முடிந்தது. அந்தக் கொதிப்பு இன்னும் அடங்காததால், வரிசையாக எழுதவேண்டிய பயணத்தைக் கடைசி நாளின் கடைசி அரைமணி நேரத்தில் தொடங்கியிருக்கிறேன்.

பொங்கல் விடுமுறையில் மூன்று நாட்கள், டெல்டாவின் நீர்நிலைகளை மட்டும் பார்ப்பது, கோயில்களுக்கு இந்த முறை போவதில்லை என்பதுதான் திட்டம். பாபநாசத்தில் மனைவியின் தம்பி வீடு இருப்பதால் தங்கும் செலவு கிடையாது. எனக்கும் மைத்துனனுக்கும் சேர்த்து வெளிச்செலவு 3,000 ரூபாய்க்குள் முடியவேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சென்னையில் நான் குடியிருக்கும் பகுதிக்கு வீராணத்துத் தண்ணீர் வருகிறது. பல ஆண்டுகளாக அதைக் குடித்துக்கொண்டே அந்த ஏரியைப் பார்க்காமல் இருப்பது உறுத்தலாக இருந்தது.

முதல் நாள் கல்லணை. அது காணும் பொங்கல் நாள் என்பதைத் தெரிந்தே போனது என் முட்டாள்தனம். 1,080 அடி நீளமுள்ள அணையின் மேல் ஊர்ந்து செல்லக்கூட இடமில்லை. கரிகாலன் யானைமேல் அமர்ந்திருக்கும் மணிமண்டபத்தைச் சுற்றிலும் புளியோதரைப் பொட்டலங்களும் நெகிழிப் பைகளுமாகக் கிடந்தன. காவிரி அங்கே கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நான்காகப் பிரிந்து போவதை நின்று நிதானமாகப் பார்க்கத்தான் வந்தேன். கூட்டம் தள்ளிய தள்ளலில் வெண்ணாற்றின் மதகுகளை மட்டும் பார்த்தேன். எச்சரிக்கைப் பலகைக்கு நேர் கீழேயே குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கி விளையாடவிட்ட பெற்றோரைப் பார்க்க வயிறு கலங்கியது. மதகிலிருந்து விழும் நீர் அடியில் எப்படிச் சுழலும் என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கல்லணைக்குப் போக விரும்புவோர் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு சாதாரண நாளின் காலையில் நகரப் பேருந்தில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். பண்டிகை நாளில் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இரண்டாம் நாள் வடுவூர். இந்த ஓர் ஊருக்காகவே மூன்று நாட்களையும் செலவழித்திருக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வடுவூர். ஏரி சாலையை ஒட்டியே இருக்கிறது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஏரி, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இவ்வளவு பெருமை உள்ள இடத்துக்கு வெளியே நிறைய வண்டிகள் நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். இரண்டு இருசக்கர வாகனங்களும் ஒரு நாயும்தான் இருந்தன. மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனபோது ஏரி பெரிதாக ஒன்றுமில்லாதது போலத்தான் தெரிந்தது. தொலைவில் கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள் மிதந்தன, கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. "இதுக்கா அத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மைத்துனன் கேட்டான். அவன் பிறந்து வளர்ந்தது இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், ஆனாலும் வடுவூருக்கு வந்தது அன்றுதான் முதல் முறை.

நாலரை மணிக்குப் பிறகு காட்சி மாறத் தொடங்கியது. முதலில் மேற்கிலிருந்து ஐந்தாறு அரிவாள்மூக்கன்கள் வந்தன. அடுத்து இருபது, அடுத்து எண்ண முடியாத ஒரு நீண்ட வளைந்த கோடு. வெள்ளை அரிவாள்மூக்கன்கள் தலைக்கு மேல் போகும்போது சிறகடிக்கும் சத்தம் பழைய பாய் ஒன்றை உதறுவது போலக் கேட்கிறது. அதன் பின் நத்தைக்குத்தி நாரைகள் வந்தன. இரண்டு அலகுகளும் மூடிய பிறகும் நடுவில் ஒரு சந்து இருக்கும் நாரை இது, நத்தையைப் பிடிப்பதற்கென்றே அமைந்த வாய். சம்பா வயல்களில் பகலெல்லாம் நத்தை தின்றுவிட்டு இரவு தங்க இந்த மரங்களுக்கு வருகின்றன. விவசாயிக்குச் சம்பளமில்லாத வேலையாட்கள் இவை என்று பறவை பார்க்கும் கோபுரத்தில் எங்களுடன் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் சொன்னார். மருந்து அடித்த வயலில் இறங்கினால் அந்த வேலையாட்களுக்கே விஷம் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

ஐந்தே முக்கால் அளவில் ஒரு மரத்தில்கூட இடமில்லை. ஒவ்வொரு கிளைக்கும் சண்டை. ஒன்று வந்து உட்கார்ந்தால் இன்னொன்று எழுந்து, அது போய் வேறொன்றைக் கிளப்பி, கடைசியில் மரம் முழுவதும் ஒருமுறை எழும்பி அமர்கிறது. பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிக்கு இடம்பிடிக்கும் கூட்டத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இவை மரங்களில் அடைந்துகொண்டிருந்தபோது ஊசிவால் வாத்துகள் எதிர்த்திசையில் கிளம்பின. அவை பகலில் ஏரியில் ஓய்வெடுத்துவிட்டு இருட்டிய பிறகு மேயப் போகிறவை. இரண்டு கூட்டங்களும் ஒரே வானத்தில் ஒன்றையொன்று கடந்து போனதை மைத்துனன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தொலைநோக்கியை அவனிடமிருந்து வாங்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

ஏரியில் படகு விட்டால் என்ன என்று கேட்ட ஒருவரை அங்கே கண்டேன். விடவே கூடாது என்பது என் கருத்து. படகு வேண்டியவர்களுக்குப் பிச்சாவரம் இருக்கிறது. வடுவூரில் வேண்டியது படகு அல்ல, ஒழுங்கான கழிப்பறையும் குடிநீரும்தான். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கையோடு கொண்டுபோங்கள், குறைந்தது நாலரையிலிருந்து இருட்டும் வரை அங்கேயே இருங்கள். காலை பத்து மணிக்குப் போய் "ஒன்றுமே இல்லை" என்று எழுதுகிறவர்களுக்காக இதை மறுபடியும் சொல்கிறேன்.

காலமும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆற்றில் வரும் நீரும் ஐப்பசி கார்த்திகை மழையும் நிரப்பினால்தான் இந்த ஏரிகளில் தண்ணீர். கோடையில் வடுவூர் வறண்டு கிடக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைதான் டெல்டாவின் ஏரிகளைப் பார்ப்பதற்கான பருவம். கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வெடித்த சேற்றைக் காட்டவேண்டாம்.

மூன்றாம் நாள் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை. அந்தப் பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு பள்ளத்திலும் கீழே இறங்கும், நான் ஒவ்வொரு முறையும் அதை மேலே தூக்கவேண்டும். திருப்பனந்தாள் வருவதற்குள் என் வலது கை மரத்துப்போனது. பாட்டு மட்டும் ஊரே கேட்கும்படி ஒலித்துக்கொண்டிருந்தது.

அணைக்கரையில் இறங்கியதும் அந்த வருத்தம் போய்விட்டது. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை இது. ஆறு இங்கே இரண்டு கிளைகளாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டுப் போகிறது, அந்தத் தீவில்தான் ஊர். குறுகலான பழைய பாலத்தில் நடந்துபோகும்போது எதிரே வண்டி வந்தால் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். மேல்பக்கம் நீர் தேங்கி அசையாமல் கிடக்கிறது, கீழ்ப்பக்கம் மணல்திட்டும் நாணலும். பாலத்துக்கு அருகில் ஆற்றுமீன் விற்கிறார்கள், அதை ஒட்டி ஓலைக் கொட்டகையில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி எத்தனை வரி எழுதினாலும் தகும். மண்சட்டியில் முதல் நாள் இரவே வைத்த கெளுத்திக் குழம்பு, புளி இறங்கி, மேலே நல்லெண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. விரால் வறுவலில் மசாலாவுக்குச் சிவப்புச் சாயம் கிடையாது, மிளகும் மிளகாயும் அம்மியில் அரைபட்ட கொரகொரப்பு நாக்கில் தெரிந்தது. "சோறு போட்டுக்கங்க தம்பி, குழம்பு இருக்கிற வரைக்கும் நான் மூடமாட்டேன்" என்று கடைக்கார அம்மா சொன்னதைக் கேட்டு நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 380 ரூபாய். தஞ்சாவூரில் முந்தைய நாள் ஒரு குளிரூட்டப்பட்ட உணவகத்தில் ஆறிப்போன சாப்பாட்டுக்கு 460 ரூபாய் கொடுத்ததை நினைத்து அங்கேயே புலம்பினேன்.

வீராணத்துக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் வடவாறு இந்தக் கீழணையிலிருந்துதான் பிரிகிறது. தஞ்சாவூருக்குள் ஓடும் வடவாறு வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் நானே பல நாள் குழம்பியிருக்கிறேன். அணைக்கரையிலிருந்து மீன்சுருட்டி வழியாகக் காட்டுமன்னார்கோவிலுக்குப் பேருந்து உண்டு. அங்கேதான் நம் ஆட்டோக்காரர் காத்திருந்தார்.

அவருடைய கூலியை ஒதுக்கிவைத்துவிட்டு ஏரியைப் பற்றிச் சொல்கிறேன். பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் பத்தாம் நூற்றாண்டில் வெட்டுவித்து, தந்தையின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரை வைத்த ஏரி. கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நீளம். லால்பேட்டையில் கரைமேல் ஏறி நின்றால் மறுகோடி தெரியாது. சென்னையில் இருந்துகொண்டு ஏரி என்றதும் நான் மனத்தில் வைத்திருந்த உருவம் ஒரு வட்டம். இதுவோ ஓடாமல் நின்றுவிட்ட ஆறு போல இருக்கிறது. கரையின் ஒரு பக்கம் காற்றில் சிற்றலை அடிக்கும் நீர், மறுபக்கம் அந்த நீர்மட்டத்துக்குக் கீழே, அறுவடைக்கு நிற்கும் நெல். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆயிரம் ஆண்டு மண் மேடு மட்டும்தான் என்பது புரிந்ததும் கால் கூசியது.

47.50 அடி என்பது இங்கே எல்லோரும் சொல்லும் எண். அதுதான் முழுமட்டம். அந்த மட்டத்தில் 1,465 மில்லியன் கன அடி நீர் நிற்கும். மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) அது அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறிய பங்கில்தான் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனமும், 2004 முதல் குழாய் வழியே இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து சென்னை வரும் குடிநீரும். மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர்ப் பக்கத்து வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டினால், கரையைக் காப்பாற்ற ஏரி நீரை வெளியே திறந்துவிடவேண்டும். வெள்ளியங்கால் ஓடையில் அப்படித் திறந்த நீர் தன் வயலில் ஏறியதை மதகருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கை உயர்த்திக் காட்டினார். எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று கேட்டார். சென்னை என்றதும், "அப்ப இது ஒங்க தண்ணிதான், நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்றார். கிண்டலா, உபசாரமா என்று இந்த நிமிடம் வரை எனக்குப் புரியவில்லை.

கரையில் உட்கார ஓர் இருக்கை கிடையாது, கழிப்பறை கிடையாது, தேநீர்க் கடை லால்பேட்டைக்குள் போனால்தான். அழகுபடுத்தி, புல்வெளியும் சிமெண்ட் மான்களும் வைத்து, நுழைவுச்சீட்டு போடவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். கந்தகுமாரன் அருகே கரையில் அரை மணி நேரம் நடந்ததுதான் மூன்று நாட்களிலும் எனக்குக் கிடைத்த சிறந்த நடை. பொழுது சாயும் நேரத்தில் மீனவர் ஒருவர் பரிசலைத் தோளில் கவிழ்த்துப் போட்டபடி கரையேறிப் போனார், பெரிய ஆமை ஒன்று எழுந்து நடப்பது போல. அதைப் பார்க்க நின்ற ஐந்து நிமிடமும் காத்திருப்புக் கூலியில் சேர்ந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

மொத்தச் செலவு 3,640 ரூபாய். 640 ரூபாய் கூடுதலானதற்கு ஆட்டோவும் தஞ்சாவூர் உணவகமும் பொறுப்பு. அடுத்த தை மாதம் மேட்டூரை மூடுவதற்குள் மறுபடி வருவதாக முடிவு செய்திருக்கிறோம். லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை முழுக்கரையையும் தன் இருசக்கர வாகனத்திலேயே போய்விடலாம் என்று மைத்துனன் சொல்லிவிட்டான். பெட்ரோல் மட்டும் என் கணக்காம்.