ஜூனியர்கிட்ட ரெஃபரல் கேட்ட கதை

எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல பன்னெண்டு வருஷத்துக்கு மேல எக்ஸ்பீரியன்ஸ், லீட் ரோல், சென்னை சோழிங்கநல்லூர்ல ஆபீஸ். 2023-ல கிளையன்ட் பிராஜெக்ட்டை ரேம்ப் டவுன் பண்ணி ஆளைக் குறைச்சதும் டீம்ல பாதிப் பேர் பிராஜெக்ட் இல்லாம பெஞ்சுக்கு வந்தோம், அப்புறம் எச்ஆர் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு நீங்களே பேப்பர் போட்டு ராஜினாமா பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் க்ளீனா வந்துடும்னு சொல்லிட்டாங்க. ஐடி கம்பெனிங்க நிறைஞ்ச ஓஎம்ஆர் ரோட்டுல இது தெருவுக்கு ரெண்டு பேர் சொல்ற கதைதான். அதுக்கப்புறம் யார்கிட்ட எப்படி உதவி கேட்டேன், ஜூனியர்கிட்டயே எப்படி ரெஃபரல், அதாவது அவன் கம்பெனில சிபாரிசு, கேட்டேன்னுதான் எழுதலாம்னு உக்காந்தேன்.

முதல்ல நௌக்ரி, வேலை தேடுற சைட். தினமும் காலைல ப்ரொஃபைல்ல ஹெட்லைனை லேசா மாத்தி சேவ் பண்ணா ரிக்ரூட்டர் சர்ச்சுல மேல வரும்னு சொல்வாங்க, அதையும் பண்ணேன். கால் வரும். நோட்டீஸ் பீரியட் எவ்ளோ மேம்னு கேப்பாங்க, இமீடியட் ஜாயினர்னு சொன்னதும் குரலே மாறும், அப்புறம் பழைய சிடிசி, அதான் வருஷ சம்பளம், சொன்னதும் திரும்ப மாறும். கையால சோதிக்கிற மேனுவல் டெஸ்டிங் லீடுக்கு ஓபனிங்கே கம்மி. கோட் எழுதி சோதிக்கிற ஆட்டோமேஷன் தெரிஞ்ச அஞ்சாறு வருஷ ஆள் என் சம்பளத்துல பாதிக்குக் கிடைக்கும்போது அவங்களும் என்ன பண்ணுவாங்க.

லிங்க்ட்இன்ல ஓப்பன் டு வொர்க் போட்டேன், ஆனா ரிக்ரூட்டர்ஸுக்கு மட்டும் தெரியுற ஆப்ஷன்ல. போட்டோவைச் சுத்தி அந்தப் பச்சை வளையம் வந்தா பழைய ஜூனியர்ஸ் எல்லாம் பாப்பாங்களே. வீட்ல மாமியார் என்னம்மா இப்பல்லாம் ஆபீஸே போறதில்லையேன்னு கேட்டப்போ வொர்க் ஃப்ரம் ஹோம் அத்தைன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரர்தான் உன் டீம்ல இருந்தானே அந்தப் பையன், இப்ப நல்ல கம்பெனில மேனேஜரா இருக்கான், கேளேன்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டிருந்தார். அவனுக்கு பக், அதாவது சாஃப்ட்வேர்ல இருக்குற தப்பு, எப்படி லாக் பண்றதுன்னு சொல்லிக் குடுத்ததே நான், அவன்கிட்ட போய் கேக்கவான்னு சண்டை போட்டேன்.

அதனால முதல்ல காலேஜ் பேட்ச் ஆளுங்ககிட்டதான் போனேன். ஏதாவது ஓபனிங் இருந்தா சொல்லுப்பான்னு பொதுவா ஒரு மெசேஜ். ரெஸ்யூம் அனுப்புன்னு பதில் வரும், அனுப்புவேன், ரெண்டு நீல டிக், அதோட சரி. கோவமா வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா அந்த மெசேஜ் வாங்குறவன் அவங்க கம்பெனி ஓபனிங் எல்லாத்தையும் தேடி, எனக்கு எது செட் ஆகும்னு பாத்து, அப்புறம் அனுப்பணும். எல்லா வேலையும் அவன் தலைலதான்.

ஒரு நாள் ராத்திரி ஸ்கூல் ஃபீஸ் சர்க்குலர் வாட்ஸ்அப்ல வந்து விழுந்துச்சு. அந்த எரிச்சல்லயே அந்த ஜூனியர் பையனுக்கு டைப் பண்ணேன்: "தம்பி நல்லா இருக்கியா, எனக்கு போன மாசத்தோட வேலை போயிடுச்சு. உங்க கரியர்ஸ் பேஜ்ல இந்த ஜாப் ஐடி பாத்தேன், எனக்கு செட் ஆகும்னு தோணுது, ரெஃபர் பண்ண முடியுமா, முடியலன்னாலும் பரவால்ல." ரெஸ்யூம் பிடிஎஃபும் வெச்சு அனுப்பிட்டு போனை கவுத்து வெச்சுட்டேன்.

உடனே கூப்பிட்டான். விசாரிப்புக்கு முன்னாடி அவன் கேட்டது, அக்கா நீங்களா போர்ட்டல்ல அப்ளை பண்ணிட்டீங்களா? இல்லன்னேன். நல்லதாப் போச்சுன்னான். நிறைய கம்பெனில நாமளே அப்ளை பண்ணிட்டா பேர் ஏற்கெனவே சிஸ்டத்துல இருக்குன்னு சொல்லி அப்புறம் கொஞ்ச மாசத்துக்கு ரெஃபரல் ஏறாதாம். அதனால பெரிய கம்பெனின்னா அவசரப்பட்டு அப்ளை பட்டனை அழுத்தாம முதல்ல உள்ள ஆள் இருக்கான்னு பாருங்க. நான் தயங்கித் தயங்கி பேசுறத கேட்டுட்டு, நீங்க சேந்து சில மாசம் இருந்தா எனக்கு ரெஃபரல் போனஸ் வரும்கா, நீங்க ஏதோ கடன் கேக்குற மாதிரி பேசுறீங்களேன்னு சிரிச்சான்.

அடுத்து அவன் கேட்டதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. இதுல கோடிங் ரவுண்ட் இருக்குக்கா, நீங்க கடைசியா எப்ப கோட் எழுதுனீங்க? எனக்கு ஞாபகமே இல்ல. லீட் ஆனதுக்கப்புறம் எக்செல், டெஸ்ட் பிளான், ஸ்டேட்டஸ் கால், இதுலயே வருஷம் ஓடிடுச்சு. ஆட்டோமேஷனுக்கு இருக்குற செலினியம் டூல் எப்பவோ தொட்டது, இவங்க கேக்குறது ப்ளேரைட்னு வேற டூல்.

அவன் டீம்ல ஒரு சின்னப் பொண்ணு வீக்எண்ட்ல கூகுள் மீட்ல எனக்கு சொல்லிக் குடுக்க ஒத்துக்கிட்டா. ரெஃபரல் கேட்டதை விட இதுதாங்க உண்மையிலேயே கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அங்க ஒரு மெசேஜோட முடிஞ்சுது, இங்க வாரா வாரம் எனக்கு இது தெரியாதுன்னு வாயைத் திறந்து சொல்லணும். நான் பழைய பழக்கத்துல ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நடுவுல கொஞ்ச நேரம் நில்லுன்னு சொல்ற ஸ்லீப் வரியைப் போடுவேன், மேம் வெயிட் போடாதீங்க ப்ளேரைட்டே ஸ்க்ரீன்ல இருக்குற பட்டன் மாதிரி எலிமென்ட் ரெடியாகுற வரைக்கும் வெயிட் பண்ணும்னு பொறுமையா அழிப்பா. பழகுறதுக்கு ஒரு மாக் இன்டர்வியூ வெச்சுட்டு ஒண்ணு சொன்னா பாருங்க, மேம் எதைக் கேட்டாலும் டீம் பண்ணுச்சு, நாங்க பண்ணோம்னே சொல்றீங்க, நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்கே புரியல. அத்தனை வருஷத்துல எந்த மேனேஜரும் இதை எனக்கு சொன்னதில்ல.

நடுவுல என் கூடப் பொறந்த தம்பிகிட்ட ஃபீஸுக்கு பணம் வாங்குனேன், அது பெரிய விஷயமா இல்ல, அவன் ஒரு வார்த்தை கேக்காம ஜிபே பண்ணிட்டான். மாமியாருக்கும் உண்மையை சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும்மான்னுட்டு மத்தியானம் பசங்களை அவங்களே பாத்துக்க ஆரம்பிச்சாங்க, படிக்க நேரம் கிடைச்சது.

முதல் ரெஃபரல் கோடிங் ரவுண்டுலயே ஊத்திக்கிச்சு. அதே கம்பெனில வேற டீம், வேற ஜாப் ஐடி, அந்த ஜூனியர் பையனே கண்டுபிடிச்சு போட்டான், அதுல கிடைச்சது. சம்பளம் பழசை விட கம்மி, லீட் பட்டமும் இல்ல, வெறும் சீனியர் இன்ஜினியர். தினமும் நடக்குற ஸ்டாண்டப் மீட்டிங்ல என்னை விட வயசு கம்மியான லீட்கிட்ட அப்டேட் சொல்றேன், முதல் வாரம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. டெஸ்ட் ஏன் ஃபெயில் ஆகுதுன்னு பிடிபடலன்னா இப்பவும் அந்தப் பொண்ணுக்குத்தான் ஸ்க்ரீன்ஷாட் போகும், டெஸ்ட் ஓடுனப்போ என்ன நடந்துச்சுன்னு பதிவாகுற ட்ரேஸ் எங்க மேம்னு கேட்டு திருப்பி அனுப்பிடுவா.