மாத்திரை எண்ணும் வேலை

போன வாரம் அக்கா மகள் திண்டுக்கல்லிலிருந்து கூப்பிட்டாள். பி.ஃபார்ம் கடைசி வருஷம். "சித்தி, நானும் உங்களை மாதிரி கிளினிக்கல் ட்ரையல் வேலைக்கு வரலாமா? அதுக்கு என்ன கோர்ஸ் படிக்கணும்?" என்றாள். புது மருந்தை நோயாளிகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுதான் கிளினிக்கல் ட்ரையல். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

வேலைக்கு முன்பே லட்சக்கணக்கில் கட்டி டிப்ளமோ படிக்க அவசரப்பட வேண்டாம். ஜிசிபி பயிற்சியை முடி; ட்ரையலை ஒழுங்காக நடத்துவதற்கான நெறிமுறைகள் அவை. 2019ஆம் ஆண்டு வந்த புதிய மருந்து, மருத்துவப் பரிசோதனை விதிகளை ஒருமுறையாவது முழுசாகப் படி. அப்புறம் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் கோஆர்டினேட்டராகச் சேர்; ட்ரையலில் இருக்கும் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனிக்கிற வேலை. எல்லாரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ட்ரையல் பதிவுகளைச் சரிபார்க்கும் மானிட்டர் ஆகத்தான் ஆசைப்படுகிறார்கள். சம்பளம் அதிகம், ஊர் ஊராகப் போகலாம். ஆனால் இரண்டு வருஷமாவது நோயாளி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போ. ஏன் என்று சொல்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ரத்த அழுத்த மருந்து ட்ரையல். அதில் ஒரு பெரியவர், காய்கறி வியாபாரி. ஒவ்வொரு விசிட்டுக்கும் மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நான் தட்டில் கொட்டி எண்ணி, மீதியைக் குறித்துக்கொள்வேன். முதல் தடவை நாலு மாத்திரை கூடுதலாக இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

ஒருநாள் அவர் ஈசிஜி எடுக்க உள்ளே போயிருந்தார். கூட வந்திருந்த அவர் மனைவி மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, மிச்ச மாத்திரையைக் குப்பையில போடச் சொல்லி நீங்கதான் சொன்னீங்களா? இங்க வர்றதுக்கு முந்தின ராத்திரி உக்காந்து எண்ணிட்டு, கூட இருக்கறதத் தூக்கிப் போட்டுடறாரு."

அவர் வெளியே வந்ததும் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நாலு மாத்திரை கூட இருந்தப்போ உங்க முகம் வாடிப்போச்சும்மா. அதான்." எதனால் போடாமல் விட்டார் என்று கேட்டேன். விடியக்காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மார்க்கெட்டுக்குப் போகிறவர். மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறதாம். வண்டி ஓட்டும் நாளில் விட்டுவிடுகிறார்.

தலைசுற்றல் என்பது நான் எழுதியிருக்க வேண்டிய பக்கவிளைவு. என் முகம் வாடியதால் அது ஃபைலுக்கே வரவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் பெரியவரை உட்காரவைத்து முழுசாகப் பரிசோதித்தார். பழைய எண்ணிக்கைகள் நம்பத்தகுந்தவை அல்ல என்று ஃபைலில் குறித்து, நோயாளிகளின் நலனைக் காக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும், ட்ரையலை நடத்தும் ஸ்பான்சருக்கும் எழுதினோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது நம் ஊருக்குப் புதிதில்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில், படுக்கவைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பதுதான் கேள்வி. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு வருஷம் வைத்தியம் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தை மாற்றிய ட்ரையல் அது. அங்கேயும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மனிதர்கள் மாத்திரையை விடுவார்கள் என்று அப்போதே தெரிந்திருந்தது. கண்ணெதிரே மாத்திரை போடவைக்கும் முறையும் அந்த மையத்தின் அடுத்தடுத்த ஆய்வுகளில் வளர்ந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன்.

இப்போதெல்லாம் நான் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "எத்தனை விட்டீங்க, எதனால?" ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டும்போதே சொல்கிறேன்: "வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். உங்க வழக்கமான வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது." இதைச் சொல்லும்போது அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கண்ணம்மா. படிவத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக் கூடாது.

அந்தப் பெரியவர் விலகவில்லை. கடைசி விசிட்டில் டப்பாவை மேசையில் வைத்து, "ஒம்பது மிச்சம்" என்றார். எந்தெந்தத் தேதியில் விட்டார் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எண்ணினேன். ஒன்பதுதான்.