பதிவேட்டில் இருந்த பெயர்கள்

2005 பிப்ரவரியில், நாகப்பட்டினத்தை அடுத்த தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் குழுவில் நானும் இருந்தேன். அதற்கு முந்தைய டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். தார் அட்டையால் எழுப்பிய கொட்டகைகள் காலை பத்து மணிக்கெல்லாம் அனலாகிவிடும். அவற்றுள் ஒன்றில்தான் பால்வாடி நடந்தது.

பயந்த குழந்தை தன் பயத்தை எப்படியெல்லாம் காட்டும், விளையாட்டின் வழியே எப்படித் தேறிவரும் என்பதை இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்த மையத்துக்குப் போனபோது, பிள்ளைகள் மணலில் கொட்டாங்கச்சிகளை வீடுகளாகக் கவிழ்த்து வைத்து, நான்கு பேர் கைகோத்து ஓடிவந்து அவற்றைக் காலால் வாரிக்கொண்டு போனார்கள். டீச்சர் அதட்டி நிறுத்தினார். கண்டதைத் திரும்பத் திரும்ப விளையாடுவது அந்த வயதுக்கு இயல்பு, தடுக்க வேண்டாம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். “தெரியுது மேடம். நீங்க சொன்னதுதானே. என்னாலதான் பாக்க முடியல” என்றார்.

அவருடைய ஆறு வயது மகனும் அந்த அலையில் போனவன் என்பதைப் பிறகு உதவியாளர் சொல்லித்தான் அறிந்தேன். மையத்தின் எண்ணையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் கேட்டுக் குறித்துக்கொண்ட நாங்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வந்தவர்களில் ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அது எனக்கு ஆறவில்லை.

அதன்பின் எங்கள் வேலை மாறியது. ஒரு மையத்தில் இருவர் இருக்கும்படி இளம்பெண்களைத் துணைக்கு அமர்த்தினோம். முடியாத நேரத்தில் டீச்சர் எழுந்து வெளியே போய்வர அது போதுமானதாக இருந்தது. பக்கத்து மையங்களின் பணியாளர்கள் வாரம் ஒரு பிற்பகல் ஒன்றுகூடினார்கள். அங்கே நாங்கள் எதையும் கற்பிக்கவில்லை. தேநீர் வைப்பதும், அவர்கள் பேசி முடிக்கும்வரை அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுமே எங்கள் பங்கு. நாளுக்கொரு குழுவாக வந்து பிள்ளைகளைக் கடலை வரையச் சொன்னவர்களை முன்அனுமதி இல்லாமல் வர வேண்டாம் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் வழியாகக் கேட்டுக்கொண்டது, நாங்கள் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது என்றே இன்றும் நினைக்கிறேன்.

வளர்ப்பவர்கள் என்றால் தாய்மார்கள் என்று எண்ணிச் சென்றிருந்தோம். மனைவியை இழந்த மீனவர்கள் பிள்ளைகளோடு வாசலில் நின்றார்கள். ஒருவர் மகளுக்குத் தலைவாரப் பழகிக்கொண்டிருந்தார். வலை பின்னித் தேர்ந்த அந்தக் கைக்குச் சடையின் மூன்று கால்கள் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. உதவியாளர் தினமும் அவர் பக்கத்தில் நின்று, தன் கையை நீட்டாமல் வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

2007-இல் பன்னாட்டு முகமைகள் கூட்டாக வெளியிட்ட நெருக்கடிக்கால மனநல வழிகாட்டி, சிறு குழந்தைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் ஒரே தலைப்பில் வைத்து, பணியாளர்களின் மனநலத்துக்கும் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தது. அதைப் படித்தபோது அந்தக் கொட்டகைதான் கண்முன் நின்றது.

2005 ஜூனில் அந்த மையத்துக்குப் புதிய வருகைப் பதிவேடு வந்தது. பழையதில் இறந்த பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே டிசம்பர் 26-க்குப் பிறகான கட்டங்களை டீச்சர் வெறுமையாகவே விட்டிருந்தார். ஒரு பெயரையும் அடிக்கவில்லை. புதியதை நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். சில இடங்களில் நிறுத்தி, பிறகு அடுத்த பெயருக்குப் போனார். முடிந்ததும் பழைய பதிவேட்டுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, சத்துமாவு மூட்டைகளுக்கு மேலே எலி எட்டாத பரணில் வைத்தார்.