கறையில் தொடங்கும் கோடு: ஒரு வரைநோட்டின் நாட்குறிப்பு

ஜனவரி 5, 2026, திங்கள்

இந்த ஆண்டுக்கான வரைநோட்டை இன்று தொடங்குகிறேன். பொழுதுபோக்காகப் படம் வரைகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை, "என்ன வரைவதென்றே தோன்றவில்லை" என்பது. கையில் பேனாவும் போதிய நேரமும் இருந்தும் மனம் அசையாமல் நிற்கும் அந்த நிலைக்குக் கற்பனை வறட்சி என்று பெயர் சூட்டிவிடுகிறோம். எனக்கோ, குற்றம் வெறுந்தாளுடையது என்று தோன்றுகிறது. ஒரு புள்ளிகூட இல்லாத பக்கத்தின் முன் அமர்ந்து, முழுப் படமும் மனத்துக்குள் உருவாகி முடிந்த பிறகே கை நகர வேண்டும் என்று காத்திருந்தால், தேர்ந்த ஓவியரும் திணறத்தான் செய்வார். எனவே இந்த நோட்டுக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: கறையோ, கசங்கலோ, அடித்த சொல்லோ, ஏதாவது ஒன்று முதலில் தாளில் இருக்க வேண்டும், யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜனவரி 9, வெள்ளி

இந்த விதி புதியதும் அன்று, என்னுடையதும் அன்று. கறை படிந்த சுவர்களையும் பலநிறக் கற்களையும் உற்றுப் பார்த்தால் மலைகள், ஆறுகள், மரங்கள், போர்க்காட்சிகள், விந்தையான முகங்கள் என எல்லாம் அவற்றில் தென்படும் என்று லியொனார்டோ டா வின்சி ஓவியம் பயில்வோருக்கு எழுதிவைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கில நிலக்காட்சி ஓவியரும் ஆசிரியருமான அலெக்சாண்டர் கோசென்ஸ் அதைவிட ஒரு படி மேலே சென்றார். சுவரில் கறை கிடைக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், நாமே உண்டாக்கிக்கொள்ளலாமே என்பது அவர் வழி. தூரிகையால் தாளில் மைக்கறைகளை வேகமாக இட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, கறைகளுக்குள் தெரியும் நிலக்காட்சியைப் பிரித்தெடுத்து வரையும் முறையை அவர் 1780-களில் நூலாகவே வெளியிட்டார்.

இன்று அதைச் செய்து பார்த்தேன். மை ஊற்றிய தாளை நடுவில் மடித்தால் இருபுறமும் ஒத்த வடிவம் விழுகிறது. அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியாகவோ முகமூடியாகவோதான் முடியும் என்பதால் மடிப்பதைத் தவிர்த்தேன். தாளைக் கையால் கசக்கி, மீண்டும் விரித்து, பாதி காய்ந்த தூரிகையை அதன்மேல் இழுத்தபோது மடிப்புகளின் முகடுகளில் மட்டும் மை பட்டு, பாறைப் பிளவுகளைப் போன்ற கோடுகள் கிடைத்தன. பிறகு தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது வெறும் அழுக்காக இருந்தது, தலைகீழாகத் திருப்பியதும் சரிந்து நிற்கும் ஒரு கோட்டைச் சுவராக மாறியது. அதற்கு நான் சேர்த்தவை ஒரு படிக்கட்டும் இரண்டு சாளரங்களும் மட்டுமே.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டு புள்ளிகளும் அவற்றின் கீழே ஒரு கோடும் இருந்தால் போதும், மனித மூளை அதை முகமாக்கிவிடும். முகம் எளிதாகக் கிடைப்பதால் எல்லாப் பக்கங்களிலும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே இந்த மாதம் கறைகளிலிருந்து முகங்களை எடுப்பதில்லை என்று தடை விதித்துக்கொண்டேன். தடை வந்தவுடன் பறவைகளும் வேர்களும் கிழிந்த பாய்மரங்களும் தென்படத் தொடங்கின.

ஜனவரி 12, திங்கள்

எதுவும் பிடிபடாத நாள். நெருக்கமான இணைகோடுகளால் அரைப் பக்கத்தை நிரப்பினேன். கோடுகள் நெருங்கும் இடத்தில் இருளும் விலகும் இடத்தில் ஒளியும் தாமாகவே உண்டாகின்றன. பயிற்சி என்ற அளவில் அதுவே போதும்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுத்துப் பிழையை அடித்துத் திருத்தும் வேலையே ஓவியமானதற்கு இரவீந்திரநாத் தாகூரைவிடச் சிறந்த சான்று இல்லை. கையெழுத்துப் படிகளில் தாம் அடித்த சொற்களை அப்படியே விட்டுவிட மனமில்லாமல், அந்த அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்து அலகு நீண்ட பறவைகளாகவும் பெயரற்ற விலங்குகளாகவும் அவர் மாற்றினார். 1924-இல் எழுதிய கவிதைகளின் கையெழுத்துப் படியில் இத்தகைய உருவங்கள் நிறைந்துள்ளன. அறுபது வயதைக் கடந்த பிறகே ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கிய அவருடைய முதல் கண்காட்சி 1930-இல் பாரிசில் நடைபெற்றது. ஓவியப் பள்ளியில் முறையாகப் பயிலாத ஒருவருக்குத் தூண்டுதல் தம் மேசையிலேயே, தம் கையெழுத்திலேயே காத்திருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்த வழியில், செய்து முடித்த வேலைகளின் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரியையும் முன்பே குறுக்கே அடித்திருந்தேன். சொற்கள் தெரியாதபடி அடித்தல்களைத் தடித்த பட்டைகளாக்கி, அருகருகே உள்ளவற்றை வளைகோடுகளால் இணைத்தபோது நீண்ட உடலுடைய ஓர் ஊர்வன கிடைத்தது. சொற்களின் நீளம் ஒன்றுபோல் இராததால் அதன் முதுகும் சீராக அமையவில்லை. திட்டமிட்டு வரைந்திருந்தால் அந்த ஒழுங்கின்மையை நான் ஒருபோதும் அடைந்திருக்க மாட்டேன்.

ஜனவரி 24, சனி

ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல், தேய்ந்த மரத்தரையின் வரிகளில் கண் பதிந்து, அதன்மேல் தாள்களைப் பரப்பிப் பென்சில் கரியால் தேய்த்து, பதிந்த தடங்களிலிருந்து காடுகளையும் விலங்குகளையும் கண்டெடுத்தார். நாணயத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கும் குழந்தை விளையாட்டும் இதே நுட்பந்தான். பதிந்ததைப் படத்தின் முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொண்டதே அவர் செய்த மாற்றம்.

இதற்கு மெல்லிய தாளும் 4பி அல்லது 6பி போன்ற மென்மையான பென்சிலும் வேண்டும். கூர்முனையால் குத்தாமல், பென்சிலைப் படுக்கவைத்து அதன் பக்கவாட்டால் தேய்க்க வேண்டும். காய்ந்த இலையின் பின்புறம், பிரம்பு நாற்காலியின் பின்னல், செருப்பின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பதித்தேன். இலையின் நரம்புகள் ஆற்றுக் கிளைகளாகவும், பிரம்புப் பின்னல் நகரத்துச் சாளரங்களாகவும் எளிதில் மாறின. செருப்பு மட்டும் எவ்வளவு முயன்றாலும் செருப்பாகவே இருந்தது.

ஜனவரி 31, சனி

கறையும் பதிவும் போதும் என்று தோன்றியதால், இன்று கண்ணெதிரே உள்ள பொருளைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டேன். தாளைப் பார்க்காமல், பொருளின் வெளிக்கோட்டைக் கண்ணால் மெல்லத் தொடர்ந்துகொண்டே, அதே வேகத்தில் பேனாவை எடுக்காமல் நகர்த்தும் பயிற்சி ஓவிய வகுப்புகளில் நெடுங்காலமாக உண்டு. விளைவு கோணலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோணலில், தண்ணீர்க் குழாயின் திருகு எந்த இடத்தில் தடிக்கிறது, கழுத்து எந்த இடத்தில் வளைகிறது என்பவை தப்பாமல் பதிந்திருக்கும். மனத்தில் ஏற்கெனவே இருக்கும் "குழாய்" என்ற சின்னத்தை வரையும் பழக்கத்திலிருந்து கையை விடுவிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, நாற்காலியை வரையாமல் அதன் கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களை மட்டும் தனித்தனி வடிவங்களாகக் கருதி நிரப்பினேன். நாற்காலி எஞ்சி நின்றது. அந்த வெற்றிடங்களில் ஒன்று மீன்வால் போலிருந்ததால், நாளைய பக்கத்துக்கும் வித்து கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

நீண்ட தொலைபேசி உரையாடலின்போது உறையொன்றின் பின்புறம் கை தானாகக் கிறுக்கியதை இன்று நோட்டில் ஒட்டினேன். இத்தகைய கிறுக்கல் கவனச் சிதறலின் அடையாளம் என்று கண்டிக்கப்படுவதுண்டு. பிளிமத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. சலிப்பூட்டும் தொலைபேசிப் பதிவொன்றை 40 பேர் கேட்டனர். அவர்களில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டே தாளிலிருந்த வடிவங்களுக்கு நிழலிட்டனர். பின்னர் எதிர்பாராமல் நடத்திய நினைவுச் சோதனையில், நிழலிட்டவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவுகூர்ந்தனர்.

இந்தச் செய்தியைச் சொல்பவர்கள் ஒன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: ஆய்வில் பங்கேற்றவர்கள் நிழலிட்டவை முன்கூட்டியே அச்சிட்டுத் தரப்பட்ட வட்டங்களும் சதுரங்களும். சொந்தக் கற்பனையில் மூழ்கி ஓர் அரக்கனை வரைந்துகொண்டே கூட்டத்தைக் கவனிக்கலாம் என்பதற்கு இந்த ஆய்வைச் சான்றாக்க முடியாது. என் பட்டறிவிலும், கையில் உருவாகும் படம் சுவையாகத் தொடங்கியவுடன் எதிர்முனையில் பேசுவது காதில் விழுவதில்லை. ஆகவே பேசும்போது வடிவங்களை மட்டும் சேகரித்துக்கொண்டு, அவற்றை வளர்ப்பதைப் பின்னர் வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இணையத்தில் பிறர் படங்களைப் பார்த்துத் தூண்டுதல் பெறலாம் என்ற அறிவுரை எங்கும் காணப்படுகிறது. ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதன் நிழல்கள் எந்தத் திசையில் கோடிடப்பட்டுள்ளன, மயிரின் திரள் எத்தனை குறைந்த கோடுகளால் காட்டப்பட்டுள்ளது என்று பார்த்து வரைந்து பழகினால் அது உண்மையே. விரலால் தள்ளித் தள்ளி நூறு படங்களைப் பார்ப்பதில் மிஞ்சுவது, நம்மால் இப்படி முடியாது என்ற சோர்வு மட்டுமே. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் வரைவுத் தொகுப்புகள் இவ்வகைப் பயிற்சிக்கு ஏற்றவை. 1814-இல் வெளிவரத் தொடங்கி, அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து மொத்தம் 15 தொகுதிகளான அவற்றில் மல்லர்கள், மீன்கள், பூச்சிகள், காற்றில் தடுமாறும் வழிப்போக்கர்கள் என அன்றாட வாழ்வில் காணக்கூடிய எல்லாம் பக்கங்களை நிறைத்திருக்கின்றன. காற்றைக் காற்றாக வரைய இயலாது. பறக்கும் தாள்களையும் வளையும் உடல்களையும் வரைந்தால் போதும் என்பதை அங்கே கற்கலாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நோட்டை முதலிலிருந்து புரட்டியதில், நான் வேண்டுமென்று தேர்ந்தெடுக்காத இரண்டு வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன்: படிக்கட்டும் வேரும். கறையிலிருந்து தொடங்கினாலும் இலைப் பதிவிலிருந்து தொடங்கினாலும் கை இவற்றையே நாடுகிறது. இதுவரை தூண்டுதல் வெளியிலிருந்து வந்தது. இனி இந்த இரண்டையும் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளப் போகிறேன். மார்ச் மாதப் பக்கங்களில் படிக்கட்டுகளை மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து நேரில் பார்த்து வரைய வேண்டும். வேர்களுக்குக் கசக்கிய தாள் முறை பொருந்தும். முகங்களுக்கு விதித்த தடையை மேலும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறேன்.