150 மீற்றர் தள்ளி

"சைக்கிளிலை சாமான் கட்டிக்கொண்டு போய், ஆற்றையோ காணிக்குள்ளை படுக்கப் போறியோ? உனக்கென்ன விசரோ தம்பி? அதுக்குப் பேர் இடம்பெயர்வு. லீவு எடுத்து இடம்பெயருற ஆளை இப்பதான் காணுறன்."

தொலைபேசியில் அம்மா இப்படிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகுதான் சுருக்கென்றது.

யூலை மாதம் நோர்வேக்காரர் வீட்டில் தங்கமாட்டார்கள். வேலையிடத்து நண்பர் ஒருவர், மியோசா ஏரிக் கரையோரம் சைக்கிளில் போய், குளித்து, காட்டில் ரென்ற் அடித்துப் படுப்போம், வாறியா என்று கேட்டார். இருபத்தைந்து வருஷமாக இங்கே இருக்கிறேன். பழுப்புச் சீஸ் பிடித்துவிட்டது. வரிப் படிவத்தை யாரையும் கேட்காமல் நிரப்புகிறேன். பிள்ளைகள் எனக்கு நொஸ்க் (நோர்வே மொழி) உச்சரிப்புத் திருத்துவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். இனிக் காட்டில் படுப்பது ஒன்றுதான் பாக்கி என்று ஓம் என்றேன்.

ஒஸ்லோவிலிருந்து ஐட்ஸ்வொல் வரை ரெயின். அங்கிருந்து மின்னெசுண்ட், பிறகு ஏரியின் மேற்குக் கரையோரமாக வடக்கே. ஏற்றம் வரும் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஏற்றத்துக்குப் பின்னாலும் ஏற்றம் வரும் என்று சொல்லவில்லை. பின் சில்லின் இரண்டு பக்கமும் தண்ணீர் புகாத பைகள். கரியரில் ரென்ற். கடையில் வாங்கியபோதே எல்லாவற்றுக்கும் கொளுக்கி, பட்டி, அதற்கென்றே ஓர் இடம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, என் லுமாலா சைக்கிளில் கொளுக்கி எதுவும் இருக்கவில்லை. கரியரில் அரிசி மூட்டை, அதன்மேல் பாய். பாரில் தங்கச்சி. ஹாண்டிலில் ஒரு பக்கம் அரிக்கன் லாம்பு, மறுபக்கம் அம்மாவின் தையல் மெஷினின் தலை. ஓடவில்லை, உருட்டினேன், நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை உருட்டத்தான் இடமிருந்தது. மழை வேறு. "பாரம் சரியாப் பிரிச்சுக் கட்டியிருக்கிறாய், பழக்கமா?" என்று நண்பர், ஏரிக்கரையில் ஃபைரிங் என்ற ஊரைத் தாண்டியதும் கேட்டார். ஓம், கொஞ்சம் பழக்கம் என்றேன்.

மத்தியானம் ஏரியில் இறங்கினோம். நண்பர் உடுப்பெல்லாம் கழற்றி ஒரு கல்லில் வைத்துவிட்டுப் பிறந்த மேனியாகக் குதித்தார். நான் ஊர் வழக்கப்படி சாரத்தோடு இறங்கினேன். சாரத்துக்குள் காற்றுப் புகுந்து பலூன் மாதிரிக் கிளம்பியது. அமுக்க அமுக்க வேறு பக்கத்தால் எழும்பியது. இந்த வேலையில் நான் இருந்தபோதுதான் அவர், நோர்வேயின் மிகப் பெரிய ஏரி இது, ஆழமான இடத்தில் 450 மீற்றர் என்று விளக்கினார். கரையில் சொல்லியிருக்கலாம். யூலைத் தண்ணீரே எலும்புக்குள் போனது. கீரிமலைக் கேணியில் அப்பா என் தலையை அமுக்கிப் பிடித்து, "மூண்டு முழுக்கு" என்பார். அந்தப் பக்கம் கடல் உப்புக் கரிக்கும், இந்தப் பக்கம் கேணியில் ஊற்றுத் தண்ணீர். ஆடி அமாவாசைக்கு அவர் தன் தகப்பனுக்காக முழுகுவார். இப்போது அவருக்காக முழுக வேண்டியவன் நான். ஏன் மூன்று தரம் தாழ்ந்து எழும்பினாய் என்று நண்பர் கேட்கவில்லை. குளிருக்கு என்று நினைத்திருப்பார்.

இனித்தான் முக்கியமான விஷயம். பின்னேரம் படுக்க இடம் தேடினோம். இந்த நாட்டில் 1957ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: பயிர் செய்யாத காணி, காடு, மலை எதுவானாலும், யாருடையதானாலும் நடந்து போகலாம், ரென்ற் அடிக்கலாம். ஆள் இருக்கிற வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் என்றால்தான் காணிக்காரரைக் கேட்க வேண்டும். சட்டமாக வருவதற்கு முதலே அது இங்கே வழக்கம்தானாம்.

யாழ்ப்பாணத்தானிடம் போய் இதைச் சொல்ல வேண்டும்! எங்கள் அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் அரையடி வேலிக்காகப் பதினொரு வருஷம் கதைக்கவில்லை. மாமா கதியால் மாற்றும்போது ஒரு சாண் எங்கள் பக்கம் வருவார். அப்பா அடுத்த முறை ஒன்றரைச் சாண் போவார். அளக்கிற கயிற்றை அப்பா சாமியறையில் வைத்திருந்தார். 1990இல் சண்டையால் எங்கள் ஊர்ப் பக்கமான வலிகாமம் வடக்கை விட்டுக் கிளம்பியபோது வேலி நின்றது, நாங்கள் இல்லை. பிறகு இராணுவம் அதை உயர் பாதுகாப்பு வலயம் என்றது. கதியால் போய்க் கம்பி வந்தது. எங்கள் காணிக்கு 150 மீற்றர் கிட்டப் போகவும் எங்களுக்கு உரிமை இருக்கவில்லை. 95இல் கொடிகாமத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் மாமரத்தின் கீழ் அப்பாவும் அந்த மாமாவும் ஒரே தறப்பாளில் படுத்தார்கள். நடுவில் வேலி போடவில்லை.

நண்பர் ஒரு குடிலிலிருந்து மீற்றருக்கு ஓர் எட்டு என்று எண்ணி நடந்தார். நூற்றைம்பதில் அவர் நிற்க, நான் இன்னும் ஐம்பது எட்டுப் போனேன். அவர் சிரித்தார். காட்டோரம் நெருப்பு மூட்டச் செப்டெம்பர் நடுப்பகுதிவரை தடை. காஸ் அடுப்பில் தேத்தண்ணி. பதினொரு மணிக்கும் வானம் வெளுத்துக் கிடந்தது. நித்திரை வரவில்லை, நுளம்பை விட, யாரோ டோர்ச் அடித்து "ஆரது?" என்று கேட்கப் போகிறார்கள் என்ற காத்திருப்புத்தான்.

விடிய ஒரு வயதான பெண் நாயோடு வந்தார். காணிக்காரர்தான் போல. படுத்திருந்தபடியே மனதில் தயாரித்திருந்த நொஸ்க் வசனத்தை அடையாள அட்டை காட்டுவதுபோல எடுத்தேன். "நல்லா நித்திரை கொண்டீங்களா? இண்டைக்கும் வெயில்தான்," என்றுவிட்டு அவர் நடையைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எடுத்தேன்.

"ஆற்றை காணி?"

"தெரியாதம்மா."

"கேளாமலே படுத்தனியோ?"

"இங்கை கேக்கத் தேவையில்லையம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கேட்டிருக்கலாம். கொடிகாமத்திலை கேட்டபடியாத்தானே அந்த மனுசி தேத்தண்ணி ஊத்தித் தந்தது."