வாளின் வயதை முத்திரை சொல்லும்

திருகோணமலையில் எந்த வீட்டுப் பெட்டகத்தில் பழைய வாள் இருந்தாலும் "போர்த்துக்கேயர் காலத்துச் சாமான்" என்றுதான் சொல்வார்கள். போர்த்துக்கேயரை ஒல்லாந்தர் 1639இலேயே இங்கிருந்து துரத்திவிட்டார்கள். ஆங்கிலேயர் 1795இல் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய கடற்படை 1957 வரை இங்கே இருந்தது. ஆகவே முதலில் ஆங்கிலேய வாளா என்று பாருங்கள்.

துடைக்கும் முன் பாருங்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பித்தளைக் கைக்காப்பின் பொன்முலாம் போய்விடும். அலகிலுள்ள எழுத்துகள் அமிலத்தால் அரித்தவை; மயிரிழை ஆழம்கூட இராது. மண்தாள் பட்டால் வாளின் பிறப்புச் சாட்சியே அழிந்த மாதிரி. அறையை இருட்டாக்கி, டோர்ச்சை அலகின் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். நேரே அடித்தால் தெரியாத எழுத்து நிழலில் எழும்பி வரும். அப்படியே படம் எடுத்து வையுங்கள்.

முதலில் தேட வேண்டியது அரச முத்திரை. முடிக்குக் கீழே வீ.ஆர். என்றிருந்தால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ஈ.ஆர். ஏழு என்றால் ஏழாம் எட்வேர்ட், 1910 வரை. ஜீ.ஆர். என்றால் ஜோர்ஜ்: ஐந்து 1936 வரை, ஆறு 1952 வரை. எழுத்து அழிந்துபோனாலும் முடியின் வடிவம் உதவும். இரு பக்க வளைவுகளும் மேலே உருண்டு நின்றால் 1901க்குப் பிந்திய மன்னர் காலம். நடுவில் பள்ளம் விழுந்தால் விக்டோரியாவாகவும் இருக்கலாம், 1952க்குப் பிந்திய எலிசபெத்தாகவும் இருக்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: பள்ளத்தைக் கண்டதும் நூறு வருடத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

கைக்காப்பில் கயிறு சுற்றிய நங்கூரம் இருக்கிறதா, பிடியின் தலையில் சிங்கமுகம் இருக்கிறதா? அப்படியானால் அது 1827 மாதிரிக் கடற்படை அதிகாரி வாள். அலகு ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர். பிடியில் வெள்ளை மீன்தோல். அலகின் முதுகு பென்சில் போல உருண்டிருந்தால் பழைய அமைப்பு. 1840களின் நடுவிலிருந்து அதற்குப் பதிலாகப் பக்கங்களில் நீள ஓடையுள்ள அலகு வந்தது.

அகன்ற அம்புக்குறி இல்லையே, அப்போ போலியா என்று கேட்பார்கள். அந்தக் குறி அரசாங்கச் சொத்துக்கு உரியது. சிப்பாய்க்கு வழங்கிய வாளில் இருக்கும். அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கினார்கள். அவர்களின் வாளில் கடைக்காரர் பெயரும் சிலவேளை சொந்தக்காரரின் முதலெழுத்துகளும் இருக்கும். அந்தப் பெயர் விற்ற தையற்கடையின் பெயராகவும் இருக்கலாம். அந்தக் கடைக்காரர்தான் வாளைச் செய்தார் என்று முடிவுகட்டாதீர்கள். லண்டன் வாள் தயாரிப்பாளரான வில்கின்சனின் வாளென்றால் கைக்காப்பை ஒட்டி அலகின் முதுகைப் பாருங்கள். 1850களிலிருந்து அங்கே தொடரிலக்கம் அடித்தார்கள். அதை வைத்துச் செய்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். முதலெழுத்துகள் கிடைத்தால் அந்த ஆண்டின் கடற்படை அதிகாரிகள் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் அதிகாரிகளின் சேவைப் பதிவுகள் உண்டு.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி முத்திரையான வீ.ஓ.சீ.யைக் கண்டதும் மகிழ வேண்டாம்; அதைப் பிற்காலத்தில் அடித்து விற்றவர்களும் உண்டு. சிங்கள கஸ்தானை வாள்களில் ஐரோப்பிய அலகு பொருத்தும் வழக்கமும் இருந்தது. அலகு ஒரு காலம், பிடி இன்னொரு காலம் என்றும் வரும். பிடித்தலையில் அலகின் வால்முனை அடித்து மடக்கிய இடத்தில் புதிய அரத்தடம் இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஜப்பானிய வாளை 1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சோடு முடிச்சுப் போடாதீர்கள். அன்று வந்தவை விமானங்கள், படை இறங்கவில்லை. மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினால் உள்ளே கைவேலைக்காரரின் பெயர் வெட்டியிருக்கலாம். அங்குள்ள கறுத்த துருவை மட்டும் தொடக்கூடாது. வயதைக் கணிக்க உதவுவது அதுதான்.

கடற்காற்றில் தோலுறை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஆகவே அலகை வெளியே எடுத்து, தையல் மெசின் எண்ணெய் மெல்லப் பூசி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் அலகில் வேண்டாம், தாம்பாளத்துக்கே வையுங்கள். வெளிநாட்டு உறவினருக்குப் பழைய வாளை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். தொல்பொருளென்றால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.